தங்கமீனும் வடக்கு வாசலும்: யாழ்ப்பாணத்தில் ஒரு சமயக் கார்ட்டூன் உருவான விதம்

பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்து அறநெறி வகுப்பில் கண்ணப்பர் கதையைத் தொடங்கினால், கண்ணை இடந்து அப்புகிற இடம் வருமுன்னமே இரண்டு மூன்று பிள்ளைகள் முடிவைச் சொல்லிவிடுவார்கள். யூடியூப்பில் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்த கண்ணப்பரை வரையச் சொன்னால் வருவது வெள்ளைத்தோல் பயில்வான் ஒருவர். கழுத்து நிறைய நகை, சின்னத்திரைப் புராணத் தொடர்களில் வருகிற மாதிரிக் கிரீடம், வாயைத் திறந்தால் சென்னைத் தமிழ். சாமியும் அரசனும் வேடனும் ஒரே அச்சில் வார்த்த முகம். கறுத்த உருவம் ஒன்று வந்தால் அது அரக்கன், இல்லாவிட்டால் சிரிப்புக்கு வைத்த தடியன்.

இங்கே ஒரு சின்னக் குழு நாயன்மார் கதைகளைச் சிறுவர் அனிமேஷனாக்க முயன்றது. அப்போது எழுந்த கேள்விகளையும் எடுத்த முடிவுகளையும்தான் இந்த ஆய்வு பேசுகிறது. நான் கதை வசனமும் குரல் பதிவும் பார்த்தேன். வரைந்தவர்கள் இளம் பிள்ளைகள். கிரிட்டா, பிளெண்டர் என்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருட்களில் வேலை செய்தவர்கள். பணம் கொஞ்சம் உள்ளூரில் சேர்ந்தது, மிச்சம் வெளிநாட்டிலிருந்து வந்தது.

பன்முகத்தன்மை, பிரதிநிதித்துவம் என்று இப்போது பேசுகிறவர்கள், அது பழைய சமயக் கதைக்குள் வெளியிலிருந்து செருக வேண்டிய ஒன்று என்று நினைக்கிறார்கள். எதிர்க்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரியபுராணத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வாயடைத்துப் போகும். பானை வனைந்த திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், செக்காட்டிய கலியர், நெசவு செய்த நேசர், மாடு மேய்த்துக் குழலூதிய ஆனாயர், வேடர் கண்ணப்பர், ஈழக்குலச் சான்றார் ஏனாதிநாதர், மீன்பிடித்த அதிபத்தர், யாழ் வாசித்த பாணர், புலைப்பாடியிலிருந்து வந்த திருநாளைப்போவார், நடுவில் அரசர்கள், அந்தணர்கள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இத்தனை பேரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். வெட்டிக் குறுக்கியது கார்ட்டூன்தான்.

இதற்கு முன் செய்தவர்கள்

சமயமும் பிள்ளைகளுக்கான ஊடகமும் சேர்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1816இல் இங்கே வந்தார்கள். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமுமாக அவர்கள் பரவியபோது, ஆறுமுக நாவலர் அதே ஆயுதங்களைக் கையில் எடுத்தார். பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த மனிதர் அவர். மறுபக்கம் எப்படி எழுதுகிறது, எப்படி அச்சடிக்கிறது என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி, 1852இல் பெரியபுராண வசனம், பிறகு பாலபாடங்கள், சைவ வினாவிடை. செய்யுளாக இருந்த பெரியபுராணம் உரைநடையானபோது அதைப் பிள்ளைகளும் படிக்க முடிந்தது. நாவலர் சாதி ஆசாரத்திலும் புலால் விலக்கிலும் எவ்வளவு இறுக்கமானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இறுக்கம் இன்றைக்கும் அறநெறி வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறது. கீழே அது வரும்.

வெளியில் செய்தவர்களையும் பார்த்தோம். அமெரிக்காவில் லூத்தரன் திருச்சபையின் பணத்தில் 1961இல் தொடங்கிய டேவி அண்ட் கோலியாத் என்ற பொம்மை அனிமேஷனில், பின்னாளில் வந்த பகுதிகளில் டேவிக்கு ஜொனதன் என்ற கறுப்பினத் தோழன் கிடைத்தான். வெள்ளைப் பையனும் கறுப்புப் பையனும் சேர்ந்து விளையாடுவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே அரிதாக இருந்த காலம் அது. 1993இல் பில் விஷரும் மைக் நவ்ரொக்கியும் தொடங்கிய வெஜிடேல்ஸ் வேறு வழியில் போனது: தக்காளியும் வெள்ளரிக்காயும் விவிலியக் கதை சொல்கின்றன. கை கால் இல்லாத காய்கறியைக் கணினியில் அசைப்பது அன்றைக்கு மனிதரை அசைப்பதைவிட லேசு. காய்கறிக்கு இனமும் இல்லைத்தானே, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை. வில்லத்தனமான காய்கறிகளுக்கு மட்டும் வேற்றின உச்சரிப்பு வைத்திருக்கிறார்கள் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. தோலை மறைத்தாலும் வாய் காட்டிக்கொடுத்துவிடும்.

டிரீம்வேர்க்ஸ் 1998இல் வெளியிட்ட பிரின்ஸ் ஒஃப் ஈஜிப்ட் இதற்கு நேர்மாறு. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். மோசேயும் அவருடைய மக்களும் மாநிறத்தவர்களாக, நீண்ட மூக்கோடு, அந்த மண்ணுக்குரிய முகத்தோடு வந்தார்கள். ஆனால் மோசேக்குக் குரல் கொடுத்தவர் வால் கில்மர், ராம்சேஸுக்கு ரால்ஃப் ஃபைன்ஸ். உருவம் கீழைத்தேயம், குரல் ஹொலிவூட். இவ்வளவு செய்தும் மலேசியாவிலும் மாலைதீவிலும் படம் தடைசெய்யப்பட்டது. தீர்க்கதரிசிகளை உருவமாகக் காட்டலாமா என்ற கேள்விக்கு மூக்கை எவ்வளவு கவனமாக வரைந்தாலும் பதில் கிடைக்காது.

எங்களுக்கு அதிகம் உதவியது மலேசியாவின் உப்பின் இப்பின். 2007இல் நோன்பு மாதத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிய தொடர் அது. இரட்டைப் பையன்கள் முஸ்லிம்கள். கூட்டாளிகளில் மெய் மெய் சீனப் பெண், ஜர்ஜித் சிங் பஞ்சாபி. ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் முத்து என்ற தமிழர். தமிழருக்குச் சாப்பாட்டுக்கடை, சீனப் பிள்ளைக்குக் கண்ணாடியும் படிப்பும் என்று வார்ப்பு வேலை அதிலும் இருக்கிறதுதான். ஆனாலும் அங்கே ஒருவரும் இன்னொருவரின் சமயத்துக்குச் சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்டவராகத் தெரியமாட்டார். அந்த ஊரில் இருக்கிறபடியால் படத்திலும் இருக்கிறார்கள்.

ஏன் அதிபத்தர்

முதல் கதைக்குக் கண்ணப்பர் வேண்டாம் என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. வாயில் மென்று பதம் பார்த்த இறைச்சி, செருப்புக் கால், அம்பால் இடந்த கண்: இதில் ஒன்றையும் விடாமல் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இறைச்சிக்குப் பதிலாகத் தேனும் கிழங்கும் காட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் கதையே இல்லை. பூசை செய்ய வந்த சிவகோசரியார் எதைப் பார்த்து அருவருத்தார்? கிழங்கையா?

அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். பிடிபடும் மீனில் ஒன்றை ஒவ்வொரு நாளும் சிவனுக்கென்று கடலில் விடுவார். மீன் குறைந்து, ஒரே ஒரு மீன் மட்டும் விழும் நாட்கள் வந்தன. அதையும் விட்டார். சுற்றம் பசியில் வாடியது. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் ஏறியது. அதையும் விட்டார். அவ்வளவுதான் கதை. நாகப்பட்டினத்தில் இன்றைக்கும் ஆவணி ஆயிலியத்தில் இதைக் கடலில் விழாவாக எடுக்கிறார்கள். 2023 ஒக்டோபரிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்துபோவதும் அதே நாகப்பட்டினத்திலிருந்துதான். ஆக, ஆள் அவ்வளவு தூரத்தவரும் அல்ல.

யாழ்ப்பாணக் கரையோரம் முழுக்கக் கடற்றொழில் ஊர்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் பெரும்பாலும் கத்தோலிக்கர், வேறிடங்களில் சைவர். பிள்ளைகளுக்கான சமயப் படங்களில் அரசகுமாரன் இருப்பான், முனிவர் இருப்பார். வலை இழுக்கிறவர் கதாநாயகனாக வருவதில்லை. அதிபத்தரைத் தேர்ந்ததற்கு இது ஒன்றே போதும்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். வந்தது. "அறநெறி வகுப்பில மச்சத்தைக் காட்டலாமோ?" என்று ஒரு ரீச்சர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சங்கடப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் மீன்சட்டியை அடுப்பில் ஏற்றாத ஊர் இது. அவருக்குச் சேக்கிழார்தான் பதில் சொன்னார்: அந்த மீன் சமைக்கப்படவில்லை, திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. சரி என்று விட்டார். ஆனால் "பிடிச்ச மற்ற மீனுகளைக் காட்டாதேங்கோ" என்றார். காட்டாமல் எப்படி? கரையில் குவிந்து கிடக்கும் மீனைக் காட்டினால்தான் பிறகு வெறும் மணலைக் காட்டும்போது வறுமை புரியும். குவியல் படத்தில் இருக்கிறது.

நிறம்

முதலில் வந்த உருவ வரைபடத்தில் அதிபத்தர் கோதுமை நிறம். வரைந்த பிள்ளை நல்ல கறுப்பு. தன் சித்தப்பா கடலுக்குப் போகிறவர் என்று சொன்ன பிள்ளை. ஏன் இந்த நிறம் என்று கேட்டதற்கு, "சாமிப் படம் எண்டா இப்பிடித்தானே" என்றான். சிவகாசிக் காலண்டர், அதற்கு முன்னால் 1890களில் ரவிவர்மா அச்சகம் வெளியிட்ட வண்ணப்படங்கள் என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சுவரில் தொங்கிய நிறம் அது. ஏஐ கருவி ஒன்றில் பின்னணிக்கு ஆட்களைக் கேட்டுப் பார்த்தபோதும் அதே நிறம், அதே மூக்கு, கூடவே நெற்றியில் வைணவ நாமம். கருவி காலண்டரைத்தான் படித்திருக்கிறது.

வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். அதிபத்தரின் கோட்டுப் படத்தைக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னோம். ஒரு மேசைக்கு ஒரு பெட்டி பஸ்டல். கொஞ்ச நேரத்தில் எல்லா மேசையிலும் ஒரே குச்சிக்குச் சண்டை. "ஸ்கின் கலரைத் தா, ஸ்கின் கலரைத் தா." அது வெளிர் ரோஜா. மண்ணிறக் குச்சி படகுக்கும் மரத்துக்கும் போனது. குச்சியைப் பிடித்திருந்த எந்தக் கையும் அந்த ரோஜா நிறத்தில் இல்லை. அமெரிக்க நிறுவனமான கிரயோலா, தோல் என்று பெயரிட்டிருந்த தன் குச்சியின் பெயரை 1962இலேயே மாற்றி, பீச் பழத்தின் பெயரை வைத்துவிட்டது. இங்கே பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் பிள்ளைகளின் வாயில் அது ஸ்கின் கலர்தான்.

அதிபத்தரைக் கறுப்பாக்கினோம். உடனே தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று. விடியப்புறம் கடலில் நடக்கும் காட்சிகளில் முகம் தெரியவில்லை. நீலக் கடலும் கறுத்த முகமும் ஒரே அளவு இருட்டு. "அதுக்குத்தான் வெள்ளையாக் கீறுறது" என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் பெரிய வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிலிம் நிறங்களைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பயன்பட்டது வெள்ளைப் பெண் ஒருத்தியின் படம். அதற்கு ஷேர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோலுக்குப் பொருந்தினால் பிலிம் சரி. கறுத்த முகம் இருளில் மறைந்தால் அது கறுத்தவரின் குறை. எங்கள் வேலையில் தீர்வு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை: பின்னணிக் கடலை ஒரு படி வெளிறவைத்தோம், முகத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று ஓடவிட்டோம், கன்னத்தில் செம்மண் சாயல் கொஞ்சம் சேர்த்தோம். மினுங்கும் கறுப்பு வந்தது. வடிவான கறுப்பு. ஊரெல்லாம் ஒரே கறுப்பாகவும் விடவில்லை. கூட்டத்தில் மாநிறம், கருமை, செம்மை எல்லாம் உண்டு, நல்லவர் கெட்டவர் என்று அதைப் பிரிக்கவில்லை.

பணம் தந்தவர்களில் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பளிச்செண்டு இருந்தால் இங்கத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார். அங்கேதான் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கள் தோல்நிறத்தைப் பற்றித் தினமும் பேச்சுக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நிறத்தை மாற்றவில்லை. அடுத்த தவணைப் பணம் வரவும் இல்லை.

சிவன்? அப்பர் பாடிய சிவன் பவள நிறத்தில் பால்வெண்ணீறு பூசியவர். காலண்டரில் நீலம். கதையின் முடிவில் அவர் இடபத்தின்மேல் வானத்தில் தோன்ற வேண்டும். குழு இதில் ஒத்துப்போகவே இல்லை. கடைசியில் இடபத்தின் நிழல் கடல்மேல் விழுவதோடு காட்சி முடிகிறது. அழகான காட்சிதான், ஆனால் கேள்வியைத் தள்ளிப்போட்ட காட்சி.

யாருடைய தமிழ்

ஜூலி டொப்ரோ, கால்வின் கிட்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் அமெரிக்கச் சிறுவர் கார்ட்டூன்களில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். வில்லன்களின் வாயில் அந்நிய உச்சரிப்பு அடிக்கடி வந்தது. தமிழ்ப் படங்களில் ஈழத்தமிழ் எந்த இடத்தில் வருகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை: அழுகைக்கு, இல்லையென்றால் பகிடிக்கு.

ஆகவே யாழ்ப்பாணத் தமிழில் செய்வது என்பது எளிதாக முடிவானது. பிறகுதான் தலையிடி. எந்த யாழ்ப்பாணத் தமிழ்? வானொலி நாடகங்களிலிருந்து நாங்கள் பழகிய யாழ்ப்பாணத் தமிழ் நல்லூர்ப் பக்கத்துப் படித்த வீட்டுத் தமிழ். கடற்கரைப் பேச்சு வேறு. குழுவில் பலருக்கு இயல்பாகத் தோன்றியது இப்படி: அதிபத்தருக்கு நல்ல தமிழ், கூட வரும் தொழிலாளருக்குக் கரையோரத் தமிழ். இதைத்தான் டொப்ரோவும் கிட்னியும் ஆங்கிலத்தில் கண்டார்கள். பக்தியுள்ளவன் என்றால் ஒரு படி மேலே ஏற்றிப் பேசவைக்க வேண்டும் என்ற எண்ணம், நாங்கள் கேலி செய்த வெள்ளைத்தோல் கண்ணப்பருக்குப் பங்காளி.

அதிபத்தருக்குக் குரல் தந்தவர் கடலுக்குப் போகும் ஒருவரே. நடுத்தர வயது, நாட்டுக்கூத்தில் ஆடிப் பழக்கமானவர். வசனத்தில் நான் "ஏலேலோ" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நாங்கள் போட்டில போகேக்க பாட்டுப் படிக்கிறேல்ல. எஞ்சின் சத்தத்துக்கு மேலால கத்தினாத்தான் மற்றவனுக்குக் கேக்கும்." அந்தக் காலத்தில் எஞ்சின் இல்லையே என்றேன். "அப்ப காத்து இருந்ததுதானே." ஏலேலோ போனது. கத்தல் வந்தது. காற்றுக்கு எதிராக ஒரு மனிதர் அடித்தொண்டையில் கூப்பிடும் அந்த ஒலி படத்தில் மிக நன்றாக அமைந்த இடங்களில் ஒன்று.

பிள்ளைகள் கொச்சைத் தமிழ் பழகிவிடும் என்ற முறைப்பாடு வந்தது. கதைசொல்லியின் குரலை எழுத்துத் தமிழுக்குக் கிட்டவாக வைத்தோம். அதோடு முறைப்பாடு அடங்கியது.

திண்ணையில் இருந்த பிள்ளைகள்

முதல் வரைவில் ஒரு சட்டகம் இருந்தது. இன்றைய யாழ்ப்பாணத்தில் ஓர் ஆச்சி திண்ணையில் இருந்து கதை சொல்கிறார். சுற்றி ஒழுங்கைப் பிள்ளைகள். அவர்களில் ஒரு கிறிஸ்தவப் பையன், ஒரு முஸ்லிம் சிறுமி. எல்லோருக்கும் பிடித்த யோசனை இது. திட்ட அறிக்கையில் எழுதினால் பணம் தருகிறவர்களுக்கும் பிடிக்கும்.

சோனகத் தெருப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தந்தையிடம் வரைபடத்தைக் காட்டினோம். விடுதலைப் புலிகள் 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, சில மணிநேர அவகாசத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போன குடும்பம். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். படத்தை வடிவாகப் பார்த்தார். "பிள்ளையை நல்லாத்தான் கீறியிருக்கிறீங்க. ஆனா எங்கட பிள்ளை ஏன் உங்கட சாமிக் கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கு? நாளைக்கு எங்கட கதையைக் கேட்க உங்கட பிள்ளை வருமா?" என்றார்.

பதில் இல்லாத கேள்வி. சமயப் படத்தில் வேற்றுச் சமயப் பிள்ளையை வாய்திறந்து கேட்டுக்கொண்டிருக்க வைத்தால், பார்க்கிறவருக்கு அது மதமாற்றப் படம் மாதிரித்தான் இருக்கும். மிஷன் பள்ளிகளில் நம் பிள்ளைகளை அப்படி இருத்தியதற்குத்தானே நாவலர் கொதித்தார். அப்படியென்றால் நபிமார் கதை ஒன்றும் செய்வோமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதற்கும் அந்தத் தந்தை தலையாட்டவில்லை. அதை யார், எப்படிச் செய்வது என்பதற்கு அவர்களுக்கென்று முறை இருக்கிறது. ரிச்சர்ட் ரிச் இயக்கிய, 2002இல் முடித்த நபிகள் வரலாற்று அனிமேஷன் படத்தில் நபி ஒரு தடவையும் திரையில் தோன்றுவதில்லை. அந்த நுணுக்கங்களை வெளியாள் கையில் எடுப்பது உதவி ஆகாது.

திண்ணைச் சட்டகத்தைத் தூக்கிவிட்டோம். பதிலுக்கு, சாமி ஒன்றும் வராத ஒரு சின்னப் படம் செய்யப்பட்டது: ஒழுங்கையில் கிரிக்கெட், பந்து கிணற்றுக்குள் விழுகிறது, எடுக்க வழி சொல்கிறவள் அந்த முஸ்லிம் சிறுமி. வீட்டில் அவள் "உம்மா" என்று கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். இது சமயப் படமா என்று கேட்டார்கள். இல்லைத்தான். அறநெறி வகுப்பில் அதைப் போட ஒரு பொறுப்பாளர் மறுத்தும்விட்டார்.

கத்தோலிக்கப் பக்கத்தில் நடந்தது வேறு. ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் ஒரு குழு, "எங்கட பேதுருவும் மீன்பிடிகாரர்தானே, அந்தக் கடலையும் படகையும் தாறீங்களா?" என்று கேட்டது. கொடுத்தோம்: பின்னணிகள், வலை, மீன்கள், கரையோர ஆட்களின் உருவங்கள், நிறத்தட்டு எல்லாம். யாழ்ப்பாணத்தில் இது இயல்பானதுதான். மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இயேசு பட்ட துன்பங்களை நடித்துக் காட்டிய திருப்பாடுகளின் நாடகத்தைச் சமயம் பாராமல் பார்த்த ஊர் இது. லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன் பிடிபடும் கதையை அவர்கள் எங்கள் கடலில் வைத்துச் செய்தார்கள். பேதுரு கறுத்த, தோள் அகன்ற, பாசையூர்க்காரர் மாதிரியான ஆள். ஆனால் இயேசு மட்டும் பழைய படச்சட்டத்து இயேசு: பொன்னிற முடி, வெளிர்த் தோல். ஒரே படகில் இருவரும். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவரில் டேவிட் பெயின்டர் இலங்கை நிலக்காட்சிக்குள் தாடியில்லாத கிறிஸ்துவைத் தீட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தாலும் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. சிவனை நிழலாக்கியவர்கள் இதற்கு என்ன சொல்ல முடியும்.

பிள்ளைகள் பார்த்தபோது

யூடியூப்பில் 2020 தொடக்கத்திலிருந்து, பிள்ளைகளுக்கானது என்று குறித்த வீடியோவுக்குக் கருத்துப் பகுதி கிடையாது. அமெரிக்காவில் சிறுவர் தகவல்களைத் திரட்டியதற்காக 17 கோடி டொலர் கட்டிய பிறகு வந்த மாற்றம். நல்ல விஷயம்தான், ஆனால் செய்கிறவருக்கு யார் என்ன நினைத்தார்கள் என்றே தெரியாது. ஆகவே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போக வேண்டியதாயிற்று.

கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர் வகுப்பில் அமைதியாகப் பார்த்தார்கள், தேவாரம் பாடினார்கள், முடிந்தது. கடற்கரை வகுப்பில் படம் ஓடத் தொடங்கியதுமே சத்தம். ஒருவன் எழும்பி நின்று, "அது கரைவலை. கரைவலையை ஒராள் படகில நிண்டு எறியேலாது. கனபேர் கரையில நிண்டு இழுக்கோணும். ஒராள் எறியிறது வீச்சுவலை" என்றான். ரீச்சருக்கும் தெரியாத விசயம் அது. அவன் வகுப்பில் வாயே திறக்காத ஆள் என்று பிறகு சொன்னார்கள். அவன் சொன்னது சேக்கிழாருக்கும் பொருந்தும். அங்கே அதிபத்தர் தனியாள் அல்ல, பரதவர் பலர் பிடித்துவருவதை ஏற்கும் தலைவர். தனி வீரன் கார்ட்டூன் பழக்கத்தில் வந்தவன். காட்சியை மாற்றி, கரையில் வரிசையாக ஆட்கள் கயிறு இழுப்பதாக வரைந்தார்கள். கூட்டத்தில் பெண்களும் வந்தார்கள்.

தங்கமீனையும் விடவில்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் மாதிரி வால் விரித்து வரைந்திருந்தோம். "உது கடல் மீனே இல்லை" என்றாள் ஒரு சிறுமி. இப்போதைய தங்கமீன் விளைமீன் உருவத்தில் இருக்கிறது, செதிலுக்குச் செதில் மணி.

மீன் குறைந்துபோகும் இடத்தில் இன்னொரு குரல்: "இந்தியன் ரோலர் வந்து அள்ளிக்கொண்டு போட்டுதா?" வகுப்பே சிரித்தது. அதிபத்தர் நாகப்பட்டினத்துக்காரர் என்பதும், ரோலர் என்கிற அந்த இழுவைப் படகுகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு தகப்பன் மெல்லச் சொன்னார்: "அவரெண்டாலும் ஒரு மீனைத் திருப்பி விட்டவர்." பிரதிநிதித்துவம் பற்றி எத்தனை கூட்டம் போட்டாலும் இந்த வசனத்தை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம்.

எல்லா வகுப்பிலும் வந்த கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள்? அவருடைய மனைவி ஏசவில்லையா? பெரியபுராணம் சுற்றத்தார் பசியில் தளர்ந்ததைச் சொல்கிறது, அதற்குமேல் போகவில்லை. வெறும் பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கடலைப் பார்க்கும் ஒரு பெண்ணைச் சேர்த்தோம். அவளுக்கு ஒரே வசனம்: "இண்டைக்குமா?" மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். பசி மூலத்தில் இருக்கிறது. பசித்தவருக்கு முகம் கொடுத்தோம். 63 பேரில் பெண்கள் மூவர்தான்: காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். அம்மையாரோ அழகை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அவரைப் பெரிய கண்ணும் சின்ன மூக்குமாக வரையாமல் விட எந்தக் கார்ட்டூனுக்குத் துணிவு வரும் என்று பார்க்க ஆசை.

வடக்கு வாசல்

இரண்டாவது கதையாகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் எடுக்கப்பட்டது. பெயரைக் கேட்டாலே இங்கத்தைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். கதையில் அருமையான காட்சிகள். மதுரையில் கோயிலுக்கு வெளியே நின்று வாசித்தவரை உள்ளே அழைத்துவரும்படி இறைவன் கனவில் சொல்கிறார். ஈரத்தில் யாழ் நனையாமல் இருக்கப் பொற்பலகை இடச் சொல்கிறார். சாத்தமங்கையில் சம்பந்தர் கேட்டபடி, திருநீலநக்கர் என்ற அந்தணர் பாணரையும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரையும் வேள்வித்தீக்குப் பக்கத்தில் தங்கவைக்கிறார். தீ வலமாகச் சுழித்து முன்னிலும் பிரகாசமாக எரிகிறது. அனிமேஷனுக்கென்றே எழுதிய காட்சி மாதிரி.

இடையில் திருவாரூர். அங்கே அவர் வாயிலில் நின்று பாடியபோது, இறைவன் வடக்குப் பக்கத்தில் வேறொரு வாசல் வகுத்துக் கொடுத்தார். அதன்வழி அவர் உள்ளே போனார் என்கிறது புராணம்.

ஒரு தரப்பு இதை அப்படியே விட்டுவிடலாம் என்கிறது. பொற்பலகையும் வேள்வித்தீயும் போதும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு வாசல் எதற்கு? மறுதரப்புக்கு அது ஏற்கவில்லை. மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அந்த நாளில் சாதியின் பேரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வாசல் என்பது பழங்கதை அல்ல. பொன்னை மட்டும் காட்டிவிட்டு வாசலை மறைத்தால், வீட்டில் கேள்விப்பட்ட பிள்ளை படம் பொய் சொல்கிறது என்று எண்ணும். காட்டினால், பிரித்துவைத்தது சாமிதான் என்று இன்னொரு பிள்ளை படிக்கும். என் நிலை காட்ட வேண்டும் என்பது, ஆனால் கதைசொல்லி விளக்கம் சொல்லி மழுப்பக் கூடாது. பாணரின் மனைவியோ கூட வரும் ஒரு சிறுவனோ, "ஏன் அந்தப் பெரிய வாசலால போகேலாது?" என்று நேரே கேட்கட்டும். பாணர் பதில் சொல்லாமல் யாழைச் சுருதி கூட்டட்டும். வகுப்பில் ரீச்சரும் பிள்ளைகளும் கதைத்துக்கொள்வார்கள்.

இரண்டு கதைவரைவுகளும் எழுதியாயிற்று. வாசல் இல்லாததற்குப் பணம் தர ஆள் இருக்கிறது. வாசல் உள்ளதற்குக் கரையோரத்து இரண்டு வகுப்பு ஆசிரியைகள் புரொஜெக்டர் வாடகையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரைகிற பிள்ளைகள் வாசல் உள்ள வரைவின் முதல் காட்சிகளைக் கீறத் தொடங்கிவிட்டார்கள்.